ஜோஸ், வழி: ஆனையூர்

1

1980-ம் வருஷம் ஆகஸ்ட் 17, ஆடி கழிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டின் முன்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நல்லகாமன், உசிலம்பட்டி தாலுகாவில் சர்வேயர், வீட்டுக்கு மூத்தவன். அவன் மனைவி ரெங்கம்மாள். அவனுடைய கடைசித் தங்கை சீனியம்மாள், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது முப்பத்து மூன்று. ரெங்கம்மாளின் தம்பி விருமாண்டி, மதுரையில் டவுன் பஸ் கண்டக்டர். நல்லகாமனின் சித்தப்பா மகள் சோலையம்மாள், மதுரையை ஒட்டிய ஆனையூரில் வாழ்க்கைப்பட்டவள். வேறு யாரும் இல்லை. தாங்களும் அன்றைக்கு இருந்ததாக இப்போது பல பேர் சொல்கிறார்கள். அவர்கள் இல்லை.

ஊரின் பெயரை எழுத மாட்டேன். மதுரையிலிருந்து தேனி ரோட்டில் செக்கானூரணியைத் தாண்டி, வலது கைப் பக்கம் திரும்பி, இரண்டு மைல். அது போதும்.

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் மரியாதை. போன மாதம், 1986 மார்ச்சில், ரெங்கம்மாள் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். உள்ளே ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா என்னும் நாட்டில் ஜோஸ் என்னும் ஊரிலிருந்து சீனியம்மாள் எழுதியவை. அவற்றில் நான்கு மட்டும் சீனியம்மாள் எழுதியவை அல்ல. அவள் எழுதியதாக நல்லகாமன் எழுதியவை. ரெங்கம்மாள் எழுத்துக் கூட்டி ஒன்றை வாசித்து முடித்து, மடித்து வைத்தாள்.

"அம்புட்டும் கதையாத்தான் இருக்கு. கதைன்னே சொல்லி எழுதிப்புட்டா பாவம் கொஞ்சம் கொறையும்" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நல்லகாமன் என்று யாரும் இல்லை. அது நான்தான். முதலில் ‘நான்’ என்று போட்டு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ‘நான்’ வந்த இடத்திலெல்லாம் நான் நல்லவனாகவே இருந்தேன். ‘அவன்’ என்று எழுதும்போது கை கொஞ்சம் உண்மை பேசுகிறது. மேலும், வீட்டு விஷயத்தை வெளியே சொன்னவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நல்லகாமனுக்கு வரட்டும்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: "நாகமலைக்கு மேலே இளஞ்சூரியன் தன் பொற்கரங்களை —"

காலை பத்து மணிக்கு நடந்த பேச்சுக்கு இளஞ்சூரியன் எதற்கு? விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "வாழாவெட்டி என்று ஊர் பேசிய ஒரு பெண் —"

அந்தச் சொல்லை என் பேனா எழுதியிருக்கக் கூடாது. ஆனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன். எங்களை எது விரட்டியது என்று வாசகர் பார்க்க வேண்டும். சீனியம்மாளுக்கு இருபத்து மூன்று வயதில் கல்யாணம் செய்து வைத்தோம். பதினொரு மாதம். பெரியவர்கள் முன்னிலையில் துரும்பு கிள்ளிப் போட்டு உறவைத் தீர்த்தாயிற்று. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான், அதில் குற்றம் இல்லை. ஆனால் தீர்த்துவிட்டு வந்தவளைப் பற்றிப் பேசுவதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். நல்லகாமன் அவளைத் திரும்பப் படிக்க வைத்தான். பி.எட். முடித்து வேலைக்கும் போனாள். பேச்சு நிற்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் படித்தது. யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதுவது சர்வேயரின் பழக்கம். ஒரு புலத்தை அளக்கப் போனால் அக்கம்பக்கத்துப் பட்டாதாரர் எல்லோரும் வந்தார்களா என்று குறித்துக்கொண்டுதான் சங்கிலியை இழுப்போம். பிறகு எவனும் ‘எனக்குத் தெரியாமல் அளந்துவிட்டார்கள்’ என்று சொல்ல முடியாது.

3

நைஜீரியாவில் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கு, சயின்ஸ் டீச்சர்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. சீனியம்மாள் யாரிடமும் கேட்காமல் மனுப் போட்டாள். பயிற்சி வகுப்பு என்று சொல்லி மெட்ராஸ் போய் இண்டர்வியூ முடித்துவிட்டு வந்தாள். உத்தரவு வந்த பிறகுதான் அண்ணனிடம் காட்டினாள். இரண்டு வருஷம் கான்ட்ராக்ட். ஊர், ஜோஸ்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று நல்லகாமன் கேட்டான்.

"அங்க யாருக்கும் என்னையத் தெரியாதுண்ணே. அதுக்குத்தான்" என்றாள்.

அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் பால் சொசைட்டியில் யாரோ, உன் தங்கச்சி வெளிநாடு போகுதாமே, அந்தப் பழைய சம்பந்திக்காரன் கேட்டால் வயிறு எரிவான் என்று சொன்னார்கள். அன்று இரவு சாப்பிட்டான். சம்மதித்தது அப்படித்தான். இதை இவ்வளவு சுருக்கமாக எழுதினால் நல்லகாமன் சிறியவனாகத் தெரிகிறான் என்று தெரியும். விரித்து எழுதினால் இன்னும் சிறியவனாகிவிடுவான்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, போகலாமா வேண்டாமா என்பது அல்ல. எந்தக் கிழமை போவது என்பதுதான்.

செப்டம்பர் 8, திங்கட்கிழமை பம்பாயிலிருந்து பிளேன். ஆறாம் தேதிக்குள் மெட்ராஸ் போய் விசா பதிந்த பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டும். சீனியம்மாள் பள்ளிக்கூடத்து அட்லஸைக் கொண்டுவந்து விரித்தாள். நல்லகாமன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மதுரை மேல் ஸ்கேலை வைத்து நேர் மேற்காக நகர்த்தினான். அரபிக் கடல் போயிற்று. சோமாலியா, எத்தியோப்பியா, சூடான் போயின. ஸ்கேலின் அதே விளிம்பில், கொஞ்சமும் மேலே கீழே போகாமல், ஜோஸ் இருந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே அட்சரேகை. முப்பது வருஷம் கல் நட்டவன், முதல் தடவையாக ஒரு கடலுக்குக் குறுக்கே நேர்கோடு விழுந்ததைப் பார்த்தான். பக்கத்துப் புஞ்சை மாதிரி ஒரே வரிசையில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ரெங்கம்மாள் பார்த்ததில்லை.

(ரெங்கம்மாள் படித்துவிட்டு: "பாத்திருக்கேன். ஒரு தரம்.")

குழப்பம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. நேர் மேற்கே பயணம் என்றால் வெள்ளியும் ஞாயிறும் ஆகாது. மேற்கே சூலம். சூலம் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு கிழமையும் ஒரு திசைக்கு ஆகாது, அந்தத் திசையை நோக்கி அன்று புறப்படக் கூடாது. சரி, வெள்ளி ஞாயிறு கழித்தாயிற்று என்று இருக்கும்போது விருமாண்டி வாயைத் திறந்தான்.

"மச்சான், மேக்க போறதுன்னாலும் இங்கேருந்து கெழக்கதான் பஸ் ஏறணும். நம்ம ஊர்ல மேக்க போற பஸ்ஸு தேனியோட திரும்பிரும்."

கிழக்கே என்றால் திங்களும் சனியும் ஆகாது. மதுரையிலிருந்து மெட்ராஸ் வடக்கே, ஆகவே செவ்வாயும் புதனும் ஆகாது. முதல் அடி எந்தத் திசையில் வைக்கிறோமோ அதுதான் கணக்கு என்றாள் சோலையம்மாள். போய்ச் சேரும் ஊர்தான் கணக்கு என்றான் நல்லகாமன். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் மேற்குச் சூலம் போய்விடும் என்றாள் ரெங்கம்மாள். பரிகாரம் தேடிக்கொண்டு போகிற குடும்பம் இது இல்லை என்று நல்லகாமன் சொல்லிவிட்டான்.

சீனியம்மாள் அட்லஸை மூடினாள். "அண்ணே, பூமி உருண்டை. நீங்க நேர்கோடு போட்டாலும் பிளேன் அந்தக் கோட்டுல போகாது" என்றாள். பேச்சு மறுபடி சூலத்துக்கே போயிற்று. கணக்கு டீச்சர்கள் வீட்டில் பேசும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது.

எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது வியாழன். தெற்கே மட்டும்தான் அன்று ஆகாது, தெற்கே யாரும் போகவில்லை. செப்டம்பர் 4 வியாழன் அவளுக்குச் சந்திராஷ்டமம். ஆகஸ்ட் 21 அதிக அவசரம், துணிகூடத் தைத்து வந்திருக்காது. ஆகஸ்ட் 28.

ஆனால் ஆகஸ்ட் 28-ல் கிளம்பி எங்கே போவது?

4

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. பயணம் எடுத்து வைப்பது என்று சொல்வோம். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள் அந்த நாளில் பெட்டியோடு வீட்டுப் படியை இறங்கி, இன்னொருவர் வீட்டில் போய்த் தங்கிவிடுவார்கள். படி இறங்கியாயிற்று என்றால் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் ரயில் ஏறினாலும் குற்றமில்லை. ஒரே நிபந்தனை, போய்வருகிறவரை சொந்த வீட்டுப் படியைத் திரும்ப ஏறக் கூடாது. ஏறினால் பயணம் முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

எத்தனை நாளைக்கு இது செல்லும் என்று விருமாண்டி கேட்டான். அது யாருக்கும் தெரியவில்லை.

சாதாரணமாக இதற்கு எதிர்வீடு போதும். நல்லகாமனுக்குப் போதவில்லை. ஊரே பார்க்க வழியனுப்பிவிட்டு அவள் எதிர்வீட்டில் உட்கார்ந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தால் என்ன மரியாதை? ஆகவே ஆனையூர், சோலையம்மாள் வீடு. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். ஊருக்கு அவள் நேராகப் பிளேனுக்குப் போவதாகவே இருக்கட்டும்.

இந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். வாசகர் இங்கே ஒரு கல் நட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 28 வியாழன் காலை வழியனுப்பு நடந்தது. மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். வாசலில் வைக்கப்போர் உயரத்துக்குக் கூட்டம் என்று முதலில் எழுதினேன், அறுபது பேர் இருக்கலாம் என்று திருத்துகிறேன். சீனியம்மாள் கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். பெட்டியை விருமாண்டி தூக்கினான். அவள் பஸ் ஏறும்போது அழவில்லை. பார்த்தவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

5

ஆகஸ்ட் 30, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தந்தி வந்தது. கொண்டுவந்தவர் தபால்காரர் கண்ணுச்சாமி. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்.

வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் அனுப்பிய தந்தியில் இருந்தது இதுதான்: பயணம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. மறு தகவல் வரை காத்திருக்கவும். காரணம் இல்லை.

நல்லகாமன் இரண்டு முறை படித்தான். கண்ணுச்சாமி சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "தங்கச்சி நல்லபடியாப் போய்ச் சேர்ந்துருச்சா, அண்ணே?" என்று கேட்டார்.

நல்லகாமன் தலையை ஆட்டினான்.

இந்தத் தலையாட்டலை நியாயப்படுத்தி ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். கேட்டவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்பதற்குத் தந்தியிலேயே பதில் இல்லை, என்றெல்லாம். ரெங்கம்மாள் அந்த ஒன்றரைப் பக்கத்தை அடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். திரும்ப வரவில்லை. ஆகவே இவ்வளவுதான்: தலையை ஆட்டினான்.

இருட்டுவதற்குள் சீனியம்மாள் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்த செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிளம்பி இரண்டே நாள். இந்தக் காலத்துப் பிளேன் அப்படி என்று பேசிக்கொண்டார்கள்.

6

செப்டம்பர் 8 வந்தது, போயிற்று. சீனியம்மாள் ஆனையூரில் இருந்தாள். பள்ளிக்கூடத்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். வீட்டுக்கு வரக் கூடாது. ஊரார் கண்ணில் படக் கூடாது. மறு தகவலும் வரவில்லை.

பால் சொசைட்டியில் தினமும் கேட்டார்கள். கடுதாசி வந்ததா? என்ன எழுதியிருக்கு? முத்துத்தாய் என்றொரு கிழவி, அங்கே அரிசி கிடைக்குமா, பாவம் புள்ள பசி தாங்காதே என்று மூன்று நாள் தொடர்ந்து கேட்டாள். நான்காம் நாள் நல்லகாமன் மதுரை நூலகத்துக்குப் போய்த் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தான். அன்று ராத்திரி எழுதினான்.

"அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சீனியம்மாள் எழுதிக்கொண்டது. நான் நலமாக வந்து சேர்ந்தேன். இந்த ஊர் நம் ஊருக்கு நேர் மேற்கே ஒரே கோட்டில் இருக்கிறது. ஆனால் நாலாயிரம் அடி உயரம். ஆகையால் கொடைக்கானல்போல் குளிர். இங்கே ஈயச் சுரங்கங்கள் உண்டு. உருளைக்கிழங்கு விளைகிறது. பாறைக் குன்றுகளைப் பார்த்தால் நம் நாகமலை ஞாபகம் வருகிறது. அரிசி கிடைக்கிறது. முத்துத்தாய் பெரியம்மாளுக்குச் சொல்லவும்."

மறுநாள் காலை உறையைக் காட்டாமல் கடிதத்தை மட்டும் வாசித்துக் காட்டினான். பால் அளக்கிறவர் அளப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெய்யாகவே அந்த ஊரில் பாறைக் குன்றுகள் இருக்கின்றன. பிறகு சீனியம்மாளும் எழுதினாள். இதுதான் என்னைக் குழப்புகிறது. இப்போது அந்தக் கட்டு என் முன்னால் இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிகிறது. ஆனால் கடிதத்தை மூடிவிட்டு யோசித்தால் தெரியவில்லை. வாழைக்காயைப் பொரித்துத் தெருவில் விற்கிறார்கள் என்று எழுதியது அவளா, அவனா? டிசம்பரில் வடக்கேயிருந்து புழுதிக் காற்று வந்து சூரியனை மறைக்கும் என்பது? மாணவர்கள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள் என்பது? ஊருக்கு எல்லாம் ஒன்றுதான். உண்மைக் கடிதங்கள் வந்தபோது, முன்னே எழுதியது இன்னும் நன்றாக இருந்தது, இப்போதெல்லாம் அவள் அவசரமாக எழுதுகிறாள் என்று சொன்னார்கள். நல்லகாமன் அப்போது —

இந்த வாக்கியத்தை முடிக்க விருப்பமில்லை.

மூன்றாவது கடிதத்தில் அவன் இப்படி எழுதினான்: "அண்ணன் காட்டிய வழியில் வந்ததால்தான் இன்று தலை நிமிர்ந்து நிற்கிறேன்." எழுதும்போது கண் கலங்கியது. அவளே எழுதி அனுப்பிவிட்டதைப் போல.

7

விருமாண்டியை இந்தக் கதையில் வைப்பதா என்று யோசித்தேன். அவன் வருகிற இடத்தில் எல்லாம் வாசகர் சிரிப்பார்கள். குடும்ப கௌரவத்தைப் பற்றி எழுதும்போது சிரிப்பு வந்தால் கௌரவம் எங்கே நிற்கும்? ஒரு பிரதியில் அவனை எடுத்தே விட்டேன். ஆனால் பஸ் ஓடவில்லை. அவன் இல்லாமல் கடித விஷயம் சீனியம்மாளுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே திரும்பச் சேர்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 20 வாக்கில், ஆனையூர் போகிற டவுன் பஸ்ஸில் அவன் டியூட்டி. பெண்கள் பக்கம் மூன்றாவது சீட்டில், முக்காடு போட்டதுபோல் தலையில் முந்தானையை இழுத்துவிட்டபடி சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நூலகத்துக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாளாம். விருமாண்டி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தான். எங்கே போகவேண்டும் என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மச்சான், ஜோஸ்ல ஓடுற டவுன் பஸ்ஸும் நம்ம கலர்தான் போல."

நல்லகாமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தான். "வெளிய சொல்லாத மாப்ள" என்றான்.

"யார்ட்ட சொல்ல? நீங்க எழுதுனதக் கேட்டுட்டு என் பொண்டாட்டியே அந்த ஊருக்குப் போகணும்கிறா."

விருமாண்டி யாரிடமும் சொல்லவில்லை. சீனியம்மாளிடம் மட்டும் சொன்னான். கடிதங்களில் என்ன இருந்தது என்று, ஒரு வரி விடாமல்.

8

செப்டம்பர் 29, திங்கட்கிழமை பகல், நல்லகாமன் லீவு போட்டுவிட்டு ஆனையூர் போனான். அவள்தான் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். அவள் புறப்பட்டு அன்றைக்கு முப்பத்து மூன்றாம் நாள்.

சோலையம்மாள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் முறத்தோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சீனியம்மாள் சுற்றி வளைக்காமல் பேசினாள். பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தலைமையாசிரியையிடம் பேசிவிட்டாள். அக்டோபர் பத்துக்குள் வந்தால் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். ஆகவே அவள் வீட்டுக்கு வரவேண்டும். தந்தி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

நல்லகாமன் முடியாது என்றான். படி ஏறினால் பயணம் முறியும் என்றான். முறிந்தால் முறியட்டும் என்றாள். ஊர் என்ன நினைக்கும் என்றான். நினைக்கட்டும் என்றாள். நீ அங்கே இருப்பதாக எல்லோருக்கும் தெரியும், கடிதம் வாசித்திருக்கிறேன், இனி இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன், நம் வீட்டுப் பேச்சை இதுவரை எவனும் பொய்யென்று சொன்னதில்லை என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே உறைக்கவில்லை.

அவள் பிறகு சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்.

"அங்கிட்டு இருக்கவ நல்லாத்தான் இருக்கா. இங்கிட்டு இருக்கவ எங்க போறதுண்ணே?"

அதற்கு நல்லகாமன் சொன்ன பதில்:

(முதல் பிரதி) "நீ என் தங்கச்சி. வா, வீட்டுக்குப் போவோம்."

(இரண்டாம் பிரதி) "இன்னும் பத்து நாள் பொறு. நானே மெட்ராஸ் போய் விசாரிக்கிறேன்."

(மூன்றாம் பிரதி, ரெங்கம்மாள் கேட்டுக்கொண்டபடி நடந்தது நடந்தபடி) சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

நான்காவது கடிதம் அந்த வாரம் எழுதியதுதான். அதில் அவள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறாள்.

அக்டோபர் பத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

9

அக்டோபர் 13, திங்கட்கிழமை இரண்டாவது தந்தி. 19-ம் தேதி ஞாயிறு, பம்பாயிலிருந்து பிளேன். நல்லகாமனே அதை ஆனையூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வாங்கிப் படித்து, நான்காக மடித்து, நாளைக்கே சாயங்கால ரயிலில் மெட்ராஸ் போகிறேன் என்றாள். மறுநாள் செவ்வாய், வடக்கே சூலம். ஞாயிறு மேற்கே சூலம். யாரும் வாய் திறக்கவில்லை. எடுத்து வைத்த பயணம் நாற்பத்தேழு நாளைக்குச் செல்லுமா என்றும் கேட்கவில்லை.

இனி முடிவு. மூன்று எழுதியிருக்கிறேன்.

முடிவு ஒன்று. மதுரை ஸ்டேஷன். நல்லகாமன் தயிர்சாதப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்கிறான். ரயில் நகரும்போது அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி, "உடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்கிறாள். அவன் ரயிலோடு நாலு எட்டு நடக்கிறான். இந்த முடிவை எழுதிவிட்டு நான்கு நாள் வைத்திருந்தேன். நல்ல முடிவு. நல்லகாமன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான் அதில் குறை.

முடிவு இரண்டு. அந்தத் தந்தி வரவே இல்லை. சீனியம்மாள் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிறாள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அத்தனை கடிதமும் நல்லகாமன் எழுதியவையே. இப்படி நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கதை என்று பார்த்தால் இதுதான் கச்சிதம். ஆனால் அவள் போனாள். ஜோஸில் ஐந்தரை வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கான்ட்ராக்டை இரண்டு முறை நீட்டித்தாள். வருஷத்துக்கு மூன்று கடிதம், மூன்றும் ரெங்கம்மாள் பெயருக்கு. நல்லகாமனை விசாரித்து ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் குறை சொல்ல ஒன்றும் இராது.

முடிவு மூன்று இன்னும் நடக்கவில்லை. போன வாரம் வந்த கடிதத்தில், மே மாதம் லீவில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். "மதுரைக்கு வருகிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறாள். எந்த வீட்டுக்கு என்று எழுதவில்லை. ஆனையூருக்கா, இங்கேயா? ரெங்கம்மாள் பதில் எழுதிக் கேட்கலாம் என்றாள். நல்லகாமன் வேண்டாம் என்றான். கேட்டால் பதில் வந்துவிடும்.

எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாமல் வரைபடம் போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இதை இப்படியே விடுகிறேன். மே மாதத்தில் ஒரு பகலில், மதுரை பஸ் ஸ்டாண்டில், பெட்டியோடு ஒரு பெண் நிற்கிறாள். எந்தப் பஸ்ஸில் ஏறுவாள் என்று வாசகர் சொல்லட்டும். நான் சொன்னால் அவள் வாயில் நான் வைத்த ஐந்தாவது கடிதமாகிவிடும்.

10

இத்தோடு நிறுத்தியிருந்தேன். ரெங்கம்மாள் கடைசிப் பக்கம்வரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

"முடிவ அவுகளே பாத்துக்கிடட்டும். அந்தப் பேச்ச மட்டும் நேர் பண்ணிருங்க" என்றாள்.

எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை.

ஆனையூர் விஷயம் அடுத்த வருஷமே ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அப்போதிருந்து ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: சீனியம்மாள் படித்த திமிரில், நாற்பத்தேழு நாள் பக்கத்திலேயே இருந்தும், கடைசியில் பிறந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனாள் என்று. இந்த ஐந்து வருஷத்தில் என் காதுபடப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

அது பொய். 1980 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு அவள் வந்தாள். படிக்குக் கீழே ஆளில்லாத தெருவில் நின்று, "அண்ணே, போயிட்டு வாரேன்" என்று இரண்டு முறை சொன்னாள். ரெங்கம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வெயிலில் நின்றபடியே குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் படி ஏறக் கூடாது என்பதுதான் வழக்கம். நான் படி இறங்கக் கூடாது என்று எந்த வழக்கமும் எங்கள் பக்கத்தில் இல்லை. நான் இறங்கவில்லை.